மருமகள் காதுகுத்துக்குச் சீர் வேண்டாம், தம்பி

தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் என் மகள் காதுகுத்து பற்றி நீ கேட்டது ஒரே கேள்விதான். "சீர்த்தட்டு எத்தனைக்கா வைக்கணும்?" உனக்கு வேலை போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வாடகை பற்றிப் பேச்சில்லை, உன் மகன் பள்ளிக்கூட வேன் காசு பற்றிப் பேச்சில்லை, தட்டைக் கேட்கிறாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. நேரில் சொன்னால் "நீ சும்மா இரு அக்கா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தாய்மாமன் முறைக்காகக் கடன் தேடி அலைகிற தம்பிகள் மதுரைப் பக்கம் நிறையப் பேர் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன்.

2000-ல் அப்பாவுக்கு மில் வேலை போனபோது உனக்கு ஏழு வயது, எனக்குப் பதிமூன்று. அந்த வருஷம்தான் அத்தை மகளுக்குச் சடங்கு. அப்பா வட்டிக்கு வாங்கி இருபத்தொரு தட்டு வைத்தார். தெருவே பார்த்தது. அடுத்த மாதம் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. காது ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று அம்மா வேப்பங்குச்சியை நறுக்கிச் செருகிக்கொண்டாள். தினமும் குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று பழைய குச்சியை உருவிவிட்டுப் புதுக்குச்சி வைப்பாள். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வாள். அந்தத் தோடு திரும்பி வரவே இல்லை. உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. என் மகள் காதில் தோடு ஏற, உன் வீட்டுக்காரி காதில் குச்சி ஏறுவதா?

யாரோ பத்து வட்டிக்குத் தருவதாகச் சொன்னார்கள் என்றாயே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாயா? 50,000 வாங்கினால் மாதம் 5,000 வட்டி. பத்து மாதத்தில் நீ வாங்கிய தொகை முழுக்க வட்டியாகவே போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். இந்த மாதிரி வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கை நீட்டி வாங்கிவிட்டால் வாசலில் வந்து நிற்கிறவனிடம் சட்டம் பேச நமக்குத் தெம்பிருக்காது.

சரி, கையில் இருப்பதைப் பார்ப்போம். சேமிப்பு 40,000. வேலையை விட்டு வரும்போது கம்பெனி தரவேண்டிய கிராஜுவிட்டி பற்றி நீ வாயே திறக்கவில்லை. ஐந்து வருஷம் முடித்தவர்களுக்கு அது உரிமை. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துத்தான் ஒரு நாள் சம்பளம் போடுவார்கள். உன் பேசிக் 16,000, ஒன்பது வருஷ சர்வீஸ் என்றால் ஏறக்குறைய 83,000 வரும். முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கூச்சப்படாமல் எழுத்தில் கேள். ஆக மொத்தம் 1,23,000.

இப்போது செலவு. வாடகை 8,000, மளிகை காய்கறி 4,500, பால் 1,500, வேன் 1,200, வண்டி டியூ 2,800, காஸ் கரண்டு போன் எல்லாம் 1,500, கைச்செலவு மருந்துக்கு 1,000. கூட்டினால் 20,500. அதாவது உன்னிடம் ஆறு மாதம் இருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு நல்ல வேலையை நிதானமாகத் தேடலாம். இதில் 80,000-ஐ எடுத்துச் சீர் செய்தால் மிச்சம் 43,000, ரெண்டு மாதம். அப்புறம் கிடைத்த வேலைக்கு, சொன்ன சம்பளத்துக்குத் தலையாட்ட வேண்டியதுதான். என் வீட்டு விசேஷத்துக்காக உன் நாலு மாதத்தை நான் வாங்க மாட்டேன்.

பிஎஃப் பணத்தில் இப்போதைக்குக் கை வைக்காதே. பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். உனக்கு ஒன்பது முடிந்திருக்கிறது. அடுத்த கம்பெனியில் அதே யுஏஎன் என்கிற பிஎஃப் நம்பரைக் கொடுத்தால் சர்வீஸ் தொடரும். கம்பெனி போட்டிருந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அதே இன்சூரன்ஸ்காரர்களிடம் தனிப் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி இந்த வாரமே கேள். உன் மகன் பள்ளிக்கூடத்தில் நேரில் போய், பீஸைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று சொல்.

மளிகைக்கு 4,500 பத்துமா என்று உன் வீட்டுக்காரி கேட்பாள். பத்தும். ரேஷன் கார்டைச் சும்மா பீரோவில் வைத்திருக்கிறீர்கள். அங்கே அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. அந்த அரிசியில் இட்லி நன்றாகவே வரும், நானே அரைக்கிறேன். காய்க்கு அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த சந்தை அதுதான். அப்பா வேலை போன பிறகு அம்மா நம்மை மேலமடையிலிருந்து அங்கே நடத்தியே கூட்டிப்போவாள். விலைப்பலகையை என்னை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பையை விரிப்பாள். இந்தக் கணக்கு எல்லாவற்றையும் உன் வீட்டுக்காரியும் நீயும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நீ தனியாக மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தால் மறுபடி தட்டு எண்ணிக்கையில்தான் போய் நிற்பாய்.

உன் மச்சானிடம் பேசிவிட்டேன். மண்டபம் வேண்டாம், பத்திரிகையும் வேண்டாம். அழகர்கோவிலில் மொட்டை எடுத்துக் காது குத்தப் போகிறோம், நம் வீட்டாட்கள் மட்டும். அவர் அம்மா முதலில் முகம் சுளித்தார்கள், "மாமன் வீட்டுச் சீர் இல்லாமலா" என்றார்கள். நான் வேப்பங்குச்சிக் கதையைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர்கள் ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுத்தாவணிக்கு வந்துவிடு, எல்லோரும் சேர்ந்தே பஸ் ஏறலாம். ஆசாரி ஊசியை எடுத்ததும் உன் மருமகள் துள்ளுவாள். மடியில் வைத்துத் தலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள நீ வேண்டும். வரும்போது ரெண்டு வாழைப்பழம் வாங்கி வா, அழுதால் கொடுக்கலாம்.

அக்கா