கல்லீரல் கொழுப்பும் நம் கடை எண்ணெயும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்ததும், "இனிமே எண்ணெயே வேணாம்" என்று மாத வாடிக்கையை நிறுத்துகிறவர்கள் இப்போது அதிகம். "செக்கு எண்ணெய்தானே, எவ்ளோ வேணா ஊத்தலாம்" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. எண்ணெய் விற்கிறவன் பேச்சை எவ்வளவு நம்புவீர்களோ, விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கல்லீரலில் சேரும் கொழுப்பெல்லாம் தட்டில் இருந்த எண்ணெய் இல்லை. பெரும்பங்கு, உடம்பில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வருவது. சாப்பாட்டுக் கொழுப்பு ஒரு பங்கு. மீதியைக் கல்லீரலே தயாரிக்கிறது, அதுவும் எண்ணெயிலிருந்து அல்ல. தேவைக்கு மேல் உண்ட சோறு, மைதா, சர்க்கரையிலிருந்து. இவற்றைச் சாப்பிட்டு இன்சுலின் ஏறும்போது, கல்லீரல் செல்லில் எஸ்ஆர்இபி-1சி என்றொரு புரதம் வேலையைத் தொடங்கி, கொழுப்பு செய்யும் நொதிகளைப் பெருக்குகிறது. முக்கியமாக உருவாவது பால்மிட்டிக் அமிலம், அதாவது பாமாயிலில் நிறைய இருக்கும் அதே நிறைவுற்ற கொழுப்பு (பாக்கெட்டில் saturated fat என்று போட்டிருப்பது). இந்தத் தயாரிப்பு நடக்கிற நேரத்தில் கொழுப்பை எரிக்கிற வேலையும் அங்கே மந்தமாகிவிடும். ஆக, எண்ணெயை நிறுத்திவிட்டு அந்தப் பசிக்குக் கூடுதலாகச் சோறும், சாயங்காலம் ஒரு கூல்டிரிங்க்ஸும் என்றால் கல்லீரலுக்கு ஒரு லாபமும் இல்லை.

எண்ணெயின் வகைக்கும் இதில் பங்கு உண்டு. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 போன்ற பன்மை நிறைவுறாக் கொழுப்புகள் (polyunsaturated fat) கொழுப்புத் தயாரிப்பைத் தொடங்கும் அந்தப் புரதத்தை அடக்குவது எலிகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நிறைவுற்ற கொழுப்புக்கு அந்தக் குணம் இல்லை. மனிதர்களிடம்? சுவீடனின் உப்சாலாவில் ஒரு குழுவுக்குப் பாமாயில் மஃபினும் இன்னொரு குழுவுக்குப் பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் மஃபினும் 7 வாரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். முடிவு 2014-இல் வெளிவந்தது. இரண்டு குழுவுக்கும் எடை ஒரே அளவுதான் ஏறியது. கல்லீரல் கொழுப்பு மட்டும் பாமாயில் குழுவுக்கு மிக அதிகம். 2018-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் 3 வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தபோது, நிறைவுற்ற கொழுப்பு கல்லீரல் கொழுப்பை 55 சதவீதம் ஏற்றியது. சர்க்கரை 33, நிறைவுறாக் கொழுப்பு 15. கவனியுங்கள், நல்லது என்கிற கொழுப்பும் மிஞ்சினால் ஏற்றத்தான் செய்கிறது.

நம் கடைச் சரக்குக்கு வருவோம். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுறாக் கொழுப்புதான் பெரும்பங்கு, சமையலுக்கு அவையே போதும். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்றது. கல்லீரல் கொழுப்பு உள்ளவர்கள் அதைத் தலைக்குத் தாராளமாகத் தேய்க்கலாம், வாணலிக்கு வேண்டாம். செக்கில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரிதான், அதில் தள்ளுபடி கிடையாது. ஒமேகா-3-க்கு எங்களிடம் பாட்டில் இல்லை. காசிமேட்டில் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கிக் குழம்பு வையுங்கள். வறுத்தால் திரும்ப எண்ணெய்க் கணக்குதான்.

எங்கள் யோசனை, ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். அதற்கு மேல் வாங்குகிறவர்கள் வாடிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். எந்த எண்ணெயும் மருந்து இல்லை. மாத்திரையையும் அடுத்த ஸ்கேனையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்திலிருந்து அரை லிட்டர் பாட்டிலும் கடையில் இருக்கும், காலி பாட்டிலைக் கழுவி உலர்த்திக் கொண்டுவந்தால் அதிலேயே நிரப்பித் தருவோம்.

இப்படிக்கு,
உங்கள் செக்கு எண்ணெய்க் கடை,
தண்டையார்பேட்டை