கேசட் அட்டையில் இல்லாத பெயர்கள்

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு எனக்குப் பிடித்த ஆங்கிலப் பாடல்களைத் தொகுத்துத் தரப்போவதாகச் சொன்னாய். பத்துப் பாட்டின் பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாய். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பெயரை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் எனக்கென்று ஓர் ஆள் இருக்கிறார். பெரும்பாலும் அவர் அந்தப் பாட்டின் பிரபலமான பாடகர் இல்லை. பின்னால் நின்று ஒரு வரி பாடிவிட்டுப் போனவர், கூலிக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர். அவர்களை விட்டுவிட்டு உனக்கு என் பட்டியலைத் தர முடியாது. அதனால் இந்தக் கடிதம்.

இதற்கெல்லாம் உன் பெரிய மாமாதான் காரணம். எண்பதுகளில் அவர் பெங்களூரில் வேலை பார்த்தபோது, அங்கே ஒரு கடையில் வெற்று கேசட்டில் பாட்டுகளைப் பதிந்து வாங்கி வருவார். அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. கிட்டார் யார், ஆர்கன் யார், கூடப் பாடும் பெண் யார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஆகவே நானே பெயர் வைத்துக்கொண்டேன். 'கூவுகிற அக்கா', 'தயங்கித் தயங்கி ஆர்கன் வாசிக்கிறவர்' என்று. அவர்களுடைய உண்மையான பெயர்கள் எனக்குக் கிடைத்தது இணையம் வந்த பிறகுதான்.

கூவுகிற அக்காவிலிருந்து தொடங்குகிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'கிம்மி ஷெல்டர்', 1969. குழுவின் பாடகர் மிக் ஜாகரோடு சேர்ந்தும் தனியாகவும் ஒரு பெண் பாடுவார். நடுவில் போரின் கொடுமைகளைச் சொல்லும் ஒரே வரியை மீண்டும் மீண்டும் உச்சத்தில் பாடும்போது அவர் குரல் பிளந்துவிடும். முதல் தடவை கேட்டபோது டேப் கெட்டுவிட்டது என்று நினைத்து மாமா கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். டேப்பில் குறை இல்லை. அந்தக் குரல் அப்படித்தான் உடைந்தது. அந்த இடத்தில் ஜாகர் வியந்து கத்துவதும் பின்னால் மெல்லியதாகக் கேட்கும். அடுத்த முறை ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பார்.

அவர் பெயர் மெர்ரி கிளேட்டன். லாஸ் ஏஞ்சலஸில் நள்ளிரவுக்குச் சற்று முன் தூக்கத்திலிருந்து எழுப்பி அழைத்தார்கள். தலையில் சுருள் கிளிப்புகளோடு, இரவு உடைக்கு மேல் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அப்போது அவர் கர்ப்பிணி. சில தடவை பாடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். அதன்பின் அவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. அது தன் வாழ்வின் மிக இருண்ட காலம் என்று பின்னாளில் சொன்னார். முதலில் வெளிவந்த இசைத்தட்டில் அவர் பெயர் 'மேரி' என்று தவறாக அச்சாகியிருந்தது.

நீ என் வயிற்றில் இருந்தபோது இந்தப் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் துணி மடிப்பேன். உண்மை தெரிந்த பிறகு கொஞ்ச காலம் என்னால் இதைக் கேட்க முடியவில்லை. திரும்பவும் கேட்க வைத்ததும் அவரேதான். மறு ஆண்டே, 1970இல், அதே பாட்டைத் தன் பெயரில் பாடி வெளியிட்டார். தன் முதல் தனி இசைத்தட்டுக்கும் அதே தலைப்பை வைத்தார். இந்த முறை பின்னணியில் நிற்கவில்லை. முழுப் பாட்டும் அவருடையது. இரண்டையும் பட்டியலில் அடுத்தடுத்து வை. முதலில் குழு பாடியது, பிறகு அவர் பாடியது.

அடுத்தது பிங்க் ஃப்ளாய்ட். 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. அதில் பாடகி பாடும் வரி என்று ஒன்றுகூட இல்லை. குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரைட்டின் பியானோ மெதுவாக நடக்கும். அதன் மேல் ஒரு பெண்ணின் குரல் எழும்பி, அலறி, தணிந்து, முனகலாகி அடங்கும். நம் சங்கீதத்தில் ஆலாபனை கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே தோன்றவில்லை. இங்கிலாந்துக்காரர்களும் ஆலாபனை செய்வார்களா என்று அம்மாச்சி கேட்டார்கள். அம்மாச்சிக்குப் பிடித்த ஒரே ராக் பாட்டு அது.

பாடியவர் கிளேர் டோரி. அப்போது அவருக்கு 25 வயது. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் அவர் பெயரைச் சொன்னதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள். சொற்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தன் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்தார். சில முறை பாடினார். அதிகமாகக் கத்திவிட்டோம், இதைப் பயன்படுத்தப் போவதில்லை என்ற எண்ணத்தோடு 30 பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு கடையில் இசைத்தட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் தன் பெயர் அதில் இருப்பதைக் கண்டார்.

பாடகி என்று பெயர் போட்டார்கள். அந்த மெட்டை உருவாக்கியதில் அவருக்கு இருந்த பங்கைச் சொல்லவில்லை. யாரும் எழுதித் தராத ஒரு மெட்டை நின்ற இடத்தில் உருவாக்கியவருக்கு அதில் உரிமை இல்லையா? முப்பது ஆண்டுகள் கழித்து, 2004இல், அவர் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில், குரலிசையை அமைத்தவர் கிளேர் டோரி என்று சேர்த்து அச்சிடுகிறார்கள். அவர் கேட்டது நியாயம். கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உன் பட்டியலில் இந்தப் பாட்டுக்கு ரைட், டோரி இருவர் பெயரையும் போட வேண்டும்.

தயங்கித் தயங்கி ஆர்கன் வாசிக்கிறவர் யார் என்று சொல்கிறேன். பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்', 1965, நியூயார்க். ஆல் கூப்பர் என்ற 21 வயது இளைஞர் ஒலிப்பதிவை வேடிக்கை பார்க்க அழைக்கப்பட்டிருந்தார். அவர் கிட்டார் வாசிக்கிறவர். அன்று அவரைவிடக் கெட்டிக்காரரான ஒரு கிட்டார் கலைஞர் வந்துவிட்டதால் ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் எந்தச் சுரத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, இம்மி பின்னால் தன் விரலை வைத்தார். தயாரிப்பாளர் அவரை ஆர்கன் கலைஞராகவே எண்ணவில்லை. டிலன்தான் ஆர்கன் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ஆறு நிமிடப் பாட்டு முழுக்க அந்த இம்மித் தாமதம் இருக்கிறது. எனக்கு அந்தப் பாட்டே அதுதான்.

'வாக் ஆன் தி வைல்ட் சைட்' 1972இல் வந்த லூ ரீட் பாட்டு. தொடக்கத்தில் இரண்டு பேஸ் ஒலிகள், அதாவது அடிச்சுரம் வாசிக்கும் தந்தி வாத்தியங்களின் ஒலிகள், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். இரண்டையும் வாசித்தவர் ஹெர்பி ஃப்ளவர்ஸ். முதலில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸ், அதன் மேல் மின்சார பேஸ். இரண்டு வாத்தியம் வாசித்தால் இரட்டைக் கூலி கிடைக்கும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மொத்தம் 17 பவுண்டு. அதே பாட்டின் முடிவில் வரும் சாக்ஸபோன் ரோனி ராஸ் வாசித்தது. அந்தப் பாட்டைத் தயாரித்தவர்களில் ஒருவரான டேவிட் போவிக்குச் சிறுவயதில் சாக்ஸபோன் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தன் வாத்தியாரை மறக்காமல் கூப்பிட்டு வாசிக்க வைத்த அந்த மாணவரை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

பீட்டில்ஸ் இல்லாமல் என் பட்டியல் இருக்காது என்று உனக்குத் தெரியும். 'பென்னி லேன்', 1967. அதில் உச்சத்தில் பறக்கும் சிறிய டிரம்பெட்டை வாசித்தவர் டேவிட் மேசன் என்ற செவ்வியல் இசைக் கலைஞர். பாக் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவை அவர் வாசித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, ஒரு வாரத்துக்குள் அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்துவிட்டார்.

இப்போது நீ வாங்கித் தந்த ஹெட்போனுக்கு வருகிறேன். மாமாவின் டேப் ரிக்கார்டரில் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். அதில் பேஸ் கிட்டார் காதில் விழாது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டை இத்தனை ஆண்டுகளாக இனிமையான பாட்டு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். உன் ஹெட்போனில் கேட்ட அன்றுதான் அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. குரல் ஒரு வழியில் போனால் பேஸ் அதை ஒட்டியும் விலகியும் வேறு வழியில் போய், சரியான இடத்தில் வந்து சேர்கிறது. அந்தச் சேர்க்கைக்காக மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். உன் அப்பா சாப்பிட அழைத்தது காதில் விழவில்லை.

வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வீட்டு ஸ்டுடியோவில், அறுபதுகளில் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு அடித்தளம் போட்டவர். தந்தியை ஒரே விரலால் மீட்டுவார். இந்தப் பாட்டைப் பதிவு செய்த 1970இல், மார்வின் கே அவரை ஓர் இரவு விடுதியிலிருந்து தேடிப் பிடித்து அழைத்து வந்ததாகச் சொல்வார்கள். குடித்திருந்ததால் நாற்காலியில் உட்கார முடியாமல், தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தாராம். பல ஆண்டுகள் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களே இருந்ததில்லை. உலகமே அவர்களுடைய தாளத்துக்கு ஆடியது. அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. 1971இல் வந்த இந்த இசைத்தட்டில்தான் முதன்முறையாக அவர்கள் பெயர்களைப் போட்டார்கள். ஜேமர்சன் 1983இல் இறந்துவிட்டார். 2000இல்தான் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தார்கள், பக்கவாத்தியக் கலைஞர்களுக்கான பிரிவில். நிறுவனம் முதலிலிருந்தே அட்டையில் ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஊரிலும் வானொலியில் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் பெயர்களைச் சொல்வார்கள். அந்தப் பாட்டில் நம் நெஞ்சை உருக்கிய புல்லாங்குழல் யாருடையது என்று சொன்னதில்லை. தொண்ணூறுகளில் ஏ.ஆர்.ரஹ்மானின் கேசட்டுகளில் வாசித்தவர்களின் பெயர்கள் அச்சாகி வந்தபோது, பாட்டைப் போடுவதற்கு முன்பே நான் அந்த அட்டையை முழுவதும் படித்துவிடுவேன். நீ அப்போது குழந்தை. அட்டையைப் பிடுங்கிக் கடிப்பாய்.

பெயரை முறையாகப் போட்டவர்களுக்கும் பட்டியலில் இடம் கொடு. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' இசைத்தட்டில், 1966இல், 'லவ் யூ டூ' பாட்டுக்குத் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். 1969இல் வந்த 'கெட் பேக்' அதைவிடப் பெரிய காரியம். அந்த ஜனவரியில் நால்வருக்குள்ளும் மனக்கசப்பு இருந்தது. பில்லி பிரெஸ்டன் வந்து எலெக்ட்ரிக் பியானோ முன் உட்கார்ந்ததும் அறையின் முகமே மாறியது. பாட்டின் நடுவே அவருடைய தனி வாசிப்பு வருகிறது. கேட்கிறவர் முகத்தில் தானாகச் சிரிப்பு வரும். இசைத்தட்டில் 'பீட்டில்ஸ், பில்லி பிரெஸ்டனுடன்' என்றே அச்சிட்டார்கள்.

பத்து இன்னும் நிறையவில்லை. மீதியை நீ சேர்த்துவிடு, ஆனால் ஒவ்வொன்றிலும் உன் காது யாரிடம் போய் நின்றது என்று எனக்கு எழுத வேண்டும். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் வாசித்தவர் பெயரையும் போட அந்தச் செயலியில் இடம் இல்லாவிட்டால், ஒரு தாளில் உன் கையால் எழுதி அனுப்பு. அட்டைபோல மடித்து வைத்துக்கொள்கிறேன்.

லண்டன் குளிர் எப்படி இருக்கிறது? ஆபி ரோடு பக்கம் போனால், பீட்டில்ஸின் அட்டைப்படத்தில் இருப்பதுபோல, எல்லாரையும்போல நீயும் சாலையைக் கடக்கும் படம் எடுத்துக்கொள்வாய். எடுத்துக்கொள். அப்படியே ஸ்டுடியோ வாசலையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. கிளேர் டோரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா