கிணற்றடி வேம்பை இப்போது வெட்டாதே

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அஸ்திவாரம், அக்கா பேரன், புது ஆடு எல்லாம் சரி. கடைசிப் படத்தில் கிணற்றடி வேம்பில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்ததும்தான் திக்கென்றது. ஐப்பசியில் மரத்தைச் சாய்த்து, கார்த்திகையில் நிலையும் கதவும் செய்து, தையில் குடிபோகிறாயாம். பூச்சி மருந்து ஏற்றிய மரம் வேண்டாம், சொந்தக் கொல்லை மரம்தான் வேண்டும் என்கிறாய், அதில் எனக்குச் சண்டையே இல்லை. அவசரத்தோடுதான் சண்டை. பச்சை மரத்தில் நிலை வைத்தால் சித்திரை வெயிலில் கதவு சாத்தாது, எழுதி வைத்துக்கொள்.

இங்கே சிங்கப்பூரில், சுங்கை காடூட்டில் ஒரு மரப்பட்டறையில் இருபது வருஷம் கணக்கு எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். கணக்கு எழுதப் போனவனுக்கு மரத்தூள் மூக்கில் ஏறி மரப்பைத்தியம் பிடித்ததுதான் மிச்சம். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

இங்கே வீவக வீடுகளில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகளில், மரம் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் பிளைவுட்டின் மேல் ஒட்டிய லேமினேட்தான். ஆனால் வெளியே இறங்கினால் சாலை முழுக்க அசல் மரம், தூங்குமூஞ்சி, அங்சானா, ஆப்பிரிக்க மகோகனி என்று. நோய் கண்டதும் காற்றில் சாய்ந்ததுமாக வெட்டுகிற மரங்களில் பெரும்பகுதியைத் தூளாக நறுக்கி உரமாகவோ எரிபொருளாகவோ ஆக்கிவிடுகிறார்கள். கரையோரப் பூந்தோட்டத்தில் அந்தப் பெரிய கண்ணாடிக் கூடாரங்களைக் குளிரவைக்கிற சக்தியில்கூட இந்த மரக்கழிவுக்குப் பங்கு உண்டு, எரித்துக் குளிர்விக்கிறார்கள் பார். கொஞ்சம் மட்டும் தப்பி மரம் அறுக்கிற பட்டறைக்கு வரும். அப்படி வந்த ஓர் அங்சானாப் பலகையை ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கினேன்.

அங்சானா நம் வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஊரில் சர்க்கரை நோய்க்காரர்கள் வேங்கை மரக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்களே, அதே குடும்பம். இழைத்த சுருளை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தேநீர் மாதிரி பழுப்பு இறங்கியது, வெயில் பக்கவாட்டில் பட்டதும் தம்ளரின் ஓரத்தில் மண்ணெண்ணெயில் தெரிகிற மாதிரி ஒரு நீலம். என் பேத்தி அன்றைக்கெல்லாம் அந்தத் தம்ளரை விட்டு நகரவில்லை.

சரி, பலகைக்கு வருகிறேன். ஆசை தாங்காமல் மூன்றே மாதத்தில் மேசையாக்கிவிட்டேன். ஓரத்து வெள்ளையையும் எடுக்கவில்லை, இரண்டு நிறம் அழகாக இருக்கிறதே என்று. ஏர்கான் அறையில் போட்டதும் தொடங்கியது வினை. இந்த ஊர்க் காற்றில் வெளியே கிடக்கிற மரம் எத்தனை வருஷம் ஆனாலும் 15, 16 சதவீத ஈரத்தில் நின்றுவிடும், எந்நேரமும் ஏர்கான் ஓடுகிற அறையில் அது 10, 11க்கு இறங்கும். நான் போட்டதோ அந்த 16க்குக்கூட இன்னும் இறங்காத பச்சைப் பலகை. மரம் சுருங்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, வளையத்தின் போக்கிலேயே சுருங்குவது நடுவிலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விளைவு, மேசை தோணி மாதிரி குழிந்தது, ஒரு நாள் ராத்திரி பட்டாசு வெடித்த சத்தத்தோடு ஒரு முனையில் பிளந்தது. அடுத்த வருஷம் தரையில் மைதா சிந்தியது போல் ஒரு சின்னக் குவியல். துடைத்தால் மறுநாள் மறுபடி. குனிந்து பார்த்தால் வெள்ளைப் பகுதி முழுக்க ஊசி முனை அளவு ஓட்டைகள். ஒட்டினாற்போல் இருந்த வைரத்தில், அதாவது உள்பக்கத்துக் கெட்டி மரத்தில், ஒரு ஓட்டைகூட இல்லை.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான். உளுப்பூச்சிக்கு வேண்டியது வெளிறில், அதாவது அந்த வெள்ளைப் பகுதியில், இருக்கிற மாவுச்சத்து. வைரத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. வேம்பு நல்லது, தேக்கு நல்லது என்று மரத்தின் பெயரைச் சொல்வதோடு முடிந்துவிடாது, அந்த மரத்தில் எத்தனை அங்குலம் வைரம் என்று கேட்க வேண்டும். ரப்பர் மரத்தில் வைரம் தனியாகப் பிரிந்தே தெரியாது, அதனால்தான் அதற்கு மருந்து இல்லாமல் ஆகாது, கடையில் அசல் மரம் என்று விற்கிற நாற்காலிகள் பலவும் அதுதான். இன்னொன்று, எங்காவது பச்சைச் சாயல் அடிக்கிற மருந்துக் கட்டை மலிவாகக் கிடைத்தால் துண்டுகளை அடுப்பில் வைத்துவிடாதே, செம்போடு ஆர்சனிக்கும் சேர்ந்தது அதில் இருக்கக்கூடும், புகையும் சாம்பலும் விஷம்.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று உன் அப்பா சொல்வாரே, நிலாவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மூங்கிலை மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போடுவாரே, அதில் விஷயம் இருக்கிறது, ஊறும்போது மாவுச்சத்து கரைந்து போகிறது. பர்மாவில் அந்தக் காலத்தில் தேக்கை அடியில் வளையமாக வெட்டிவிட்டு, நின்றபடியே 2, 3 வருஷம் காயவைத்துத்தான் சாய்ப்பார்களாம், இல்லாவிட்டால் ஆற்றில் மிதக்காது. அத்தனை பொறுமையோடு வந்த மரம்தான் செட்டிநாட்டு வீடுகளில் இன்றைக்கும் நிற்கிறது.

இங்கே 2002இல் சாங்கியில் சுமார் 150 வயதுப் பெரிய மரம் ஒன்றை அனுமதி இல்லாமல் வெட்டிவிட்டார்கள். சாங்கி என்ற பெயரே அந்த வகை மரத்தால் வந்தது என்பார்கள். அபராதம் கட்டினார்கள், அடிமரத்தைச் சிற்பங்களாகச் செதுக்கினார்கள், ஆனால் மரம் போனது போனதுதான். உன் சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அதனால் தைக்கு வேறு வழி பார். காரைக்குடியில் இடித்த வீட்டுச் சாமான் கடைகளுக்கு ஒரு நடை போய் வா, பழைய தேக்கு நிலையும் கதவும் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த மரம், இனிமேல் அது எங்கே கோணப்போகிறது? விலை கேட்டுத் தலைசுற்றினால் நிலை, வாசல் கதவு மட்டும் வாங்கு, உள் கதவுகள் பிறகு ஆகட்டும். கூரைக்குப் பனங்கை போடலாம் என்று எழுதியிருந்தாய், நல்ல யோசனை. நம் தமிழ் வாத்தியார் புறக்காழ், அகக்காழ் என்று சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? பனைக்கு வைரம் வெளிப்பக்கம், நடுவில் இருப்பது வெறும் சோறு. அதனால் கருப்பு நார் நெருக்கமாக ஓடுகிற கிழட்டு மரமாகப் பார்த்து எடு, இளம் பனை வேண்டவே வேண்டாம். ஆனால் நிற்கிற பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது, அதை விசாரித்துக்கொள், அதற்கும் பழைய வீட்டுப் பனங்கையே தேவலை. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசினால் கரையான் அண்டாது, கையில் பட்டால் புண்ணாகும், கையுறை போடச் சொல்.

வேம்பை மழை ஓய்ந்து, தை கழித்துச் சாய்க்கலாம், கட்டாயம் சாய்த்துத்தான் ஆகவேண்டும் என்றால். உடனே பலகையாக அறுத்து, இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து, இடையில் ரீப்பர் சட்டம் கொடுத்து, மாட்டுக் கொட்டகை நிழலில் அடுக்கு. அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு, நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் குறையலாம். ஊஞ்சல் பலகைக்கு ஆகும், உன் பேத்தி ஆடட்டும்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, தேக்கா சந்தை வரை தானே போய் வருகிறாள், பேருந்தில் யாராவது இடம் கொடுத்தால் கோபம் வருகிறது. மார்கழிக் கடைசியில் வருகிறேன். ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, இரண்டு ஊசி உள்ளது, கொண்டுவருகிறேன். அதுவரை ஆசாரிக்கு முன்பணம் கொடுக்காதே. கொடுத்துவிட்டாயா?

உன்,
மணி