இறங்கேக்கைதான் மச்சான் விழுறது

அன்பின் மச்சான்,

சுகமே? இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிஞ்சுது, இப்ப படலைக்கால ஆர் வருகினம் எண்டு எனக்கு முதலே சொல்லுறா. மழை தொடங்கீட்டுது, காலபோகத்துக்கு விதைச்சாச்சு, குளத்துத் தண்ணியை நம்பின ஆக்கள் இன்னும் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கினம். புதினம் இவ்வளவுதான். ஒன்பது மாசமா உனக்கு ஒரு வரி எழுதாதவன் இப்ப எழுத வெளிக்கிட்டது வேற ஒரு விசயத்துக்கு.

உன்ர மகள் அனுப்பின படம் வந்தது. மான் வேட்டைக்கெண்டு மரத்தில 20 அடி உயரத்தில, பலகைத் துண்டளவு இரும்புத் தட்டில, இலைச்சட்டை போட்டுக்கொண்டு வில்லோட இருக்கிறாய். பாத்த உடனை சிரிச்சிட்டன், டேய் உன்ர அப்பு மோட்டைக்கரை மருதில கட்டின பரணில ஏறச் சொல்ல, கீழ நிண்டு ஒப்பாரி வைச்சவன் நீயெல்லோ, ஒன்ராறியோவில போய் 50 வயசுக்கு மேல பரண் ஏறியிருக்கிறாய். அப்பு இருந்திருந்தா இதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பார். பேந்து படத்தை ரெண்டு விரலால பெருப்பிச்சுப் பாத்தன், உன்ர நெஞ்சில வார் இல்லை, முதுகில கயிறு இல்லை, மரத்தோட உன்னைக் கட்டின ஒண்டையும் காணேல்லை. சிரிப்பு அதோட நிண்டிட்டுது. அண்டு ராத்திரி எனக்கு நித்திரை இல்லை மச்சான்.

நீ வொய்ஸ் மெசேஜில சொன்னதை ரெண்டு மூண்டு தரம் கேட்டன். தட்டு 20 இறாத்தல், ஏணித்தடி நாலு, அதுக்கு மேல வில்லும் பையும், எல்லாத்தையும் முதுகில கட்டிக்கொண்டு இருட்டுக்க அரை மணித்தியாலம் நடந்து, வேர்த்து விறுவிறுத்துப் போய், அந்தக் களைப்போட மரத்தில ஏறி, ஒரு கையால தட்டைப் பிடிச்சு மற்றக் கையால வார் இறுக்கினனான் எண்டு பெருமையாச் சொல்லுறாய். அப்பு அப்பிடியே செய்தவர்? தடி எல்லாம் ஒரு கட்டை தூரத்துக்கு அங்கால வெட்டி, பட்டப்பகலில காவிக்கொண்டு வந்து, ஆத்தி நாரால கட்டி, பிறகு நாலு நாள் அந்தப் பக்கமே போகமாட்டார். மானுக்குப் புது வாசமும் சத்தமும் மறக்கோணும் எண்டுவார். பரண் கட்டுற நாள் வேற, இருக்கிற நாள் வேற. நீ ரெண்டையும் ஒரே விடியப்புறத்தில செய்யிறாய். வேர்வை மணத்தோட ஏறினா உனக்கு மானும் வராது, இரும்பும் இரும்பும் முட்டுற சத்தம் காட்டுக்குள்ள எவ்வளவு தூரம் கேக்கும் எண்டு உனக்குத் தெரியாதே? முதல் நாளே பகலில போய்க் கட்டு. முட்டுற இடங்களுக்குப் பழைய சீலை சுத்து. காத்தைப் பார், காலமை வெயில் ஏற ஏறக் காத்தும் மேல ஏறும், பின்னேரம் பள்ளத்துக்கு இறங்கும், அப்பு பீடிப் புகையை விட்டுப் பாத்தது அதுக்குத்தானே.

மூத்தவன் இப்ப போன் ரவர் ஏறுற வேலை. அவனுக்கு உன்ர படத்தைக் காட்டினன். மாமா விழேல்லை எண்டது அதிஸ்டம் எண்டு சொல்லிப்போட்டுப் பாயில இருந்து எல்லாம் விளங்கப்படுத்தினான், நான் கொப்பியில எழுதி வைச்சன், இப்ப அதைப் பாத்துத்தான் எழுதுறன். இடுப்பில மட்டும் கட்டுற பெல்ற் வேண்டாம், விழுந்தா வயித்தை இறுக்கி மூச்சை நிப்பாட்டும், இல்லாட்டி உருவிக்கொண்டு போகும். தொடை, நெஞ்சு, தோள் எல்லாம் பிடிக்கிற முழு உடம்பு வார்தான் போடோணும். அதின்ர கயிறை மரத்தில உன்ர தலைக்கு மேல கட்டோணும், இருக்கேக்கை தொய்வு இருக்கக்கூடாது. உங்க கனபேர் மேல போய்ச் சேந்தாப் பிறகுதான் கொழுவினமாம், அதுதான் பெரிய பிழை எண்டான், ஏனெண்டா கூட விழுறது இருக்கேக்கை இல்லை, ஏறேக்கையும் இறங்கேக்கையும் ஏணித்தடியில இருந்து தட்டுக்குக் கால் மாத்தேக்கையும்தான். அதுக்கு மரத்தின்ர அடியில இருந்து தட்டுக்கு மேல வரைக்கும் ஒரு கயிறு விட்டு, அதில புருசிக் முடிச்சுப் போட்டு, உன்ர வாரை அதோட கொழுவி, ஏற ஏற அதையும் தள்ளிக்கொண்டு போறது. ஆள் பாரம் விழுந்தா முடிச்சு இறுகிப் பிடிச்சிடும். தட்டைக் கட்டிற நேரம், கரண்ட் போஸ்டில ஏறுறவை போடுற மாதிரி இடுப்பைச் சுத்தி மரத்தோட ஒரு பெல்ற், அப்ப ரெண்டு கையும் உனக்கு வேலைக்கு இருக்கும்.

வார் பிடிச்சாலும் கன நேரம் தொங்கக்கூடாதாம். தொடையை இறுக்க இரத்தம் காலுக்க தேங்கி, அரை மணித்தியாலத்துக்குள்ளயே மயங்கிப் போகலாம் எண்டான். அதுக்குக் காலுக்கு ஒரு கொழுவு வார் பையில இருக்கோணும், அதை மிதிச்சு எழும்பி எழும்பி நிக்கோணும். வில்லைக் கையில கொண்டு ஏறாதை, நீ மேல போய்க் கொழுவினாப் பிறகு கயிறால இழுத்து எடு, அம்பு முனையள் மூடிக் கிடக்கோணும். மச்சாளுக்கு எந்த மரம், எத்தினை மணிக்கு இறங்குவாய் எண்டு சொல்லாமப் போகாதை. போன் பையில இல்லை, சட்டைப் பொக்கற்றில, தொங்கிக்கொண்டு பையை எட்டேலாது.

இதெல்லாம் நான் ஏன் இப்பிடி வரிஞ்சு கட்டி எழுதுறன் எண்டு நினைப்பாய். பெரியண்ணை விழுந்தது உனக்குத் தெரியும், நீ போனாப் பிறகு, 1993 தை மாசம், கதிர் முத்தி நிக்கேக்கை பண்டிக் காவலுக்குப் பாலையில கட்டின பரண். வழுக்கி விழுந்தவர் எண்டுதான் உனக்கும் எழுதினன். வழுக்கேல்லை மச்சான். கால் வைக்கிற குறுக்குத்தடியைக் கட்டினது நான். புதுக் கயிறு வாங்கக் காசில்லை, வாங்கிறதுக்குக் கடையிலயும் இல்லை, போன வருசம் முழுக்க வெயிலிலயும் மழையிலயும் கிடந்த நைலோன் கயிறை இழுத்துப் பாத்திட்டு, இது இன்னும் ஒரு போகம் தாங்கும் எண்டு நான்தான் சொன்னனான். ராத்திரி முழுக்க விழிச்சிருந்திட்டு விடியப்புறம் பனிக்குள்ள இறங்க, ரெண்டாவது தடி. 12 அடிகூட வராது. வேரில நாரி அடிபட்டுது. மண்ணெண்ணெயில ஓடின ட்ராக்டரில சாக்குக் கட்டில் போட்டு ஒட்டுசுட்டான் றோட்டால கொண்டுபோனம், ஒவ்வொரு கிடங்குக்கும் அண்ணை போட்ட சத்தம் இப்பவும் எனக்குக் கேக்குது. அவர் இண்டைக்கும் ஒரு பக்கம் சரிஞ்சுதான் நடக்கிறார். கயிறைப் பற்றி என்னட்ட ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தக் கிழமைதான் நான் அவருக்குச் சொன்னன், உன்ர படத்தைக் காட்டி. எனக்கு அப்பவே தெரியுமடா எண்டார்.

அதாலை உன்ர வாரெல்லாம் அவிட்டுப் பார். கண்ட இடத்தில மரத்தோட வருசக்கணக்கா விட்டிட்டு வராதை, வெயில் தின்னும், அணில் கடிக்கும், மரம் பருக்க வார் இறுகி உள்ளுக்க அறுந்து நிக்கும். உடம்பு வாரில பாவிக்கிற காலம் எவ்வளவு எண்டு தச்சிருப்பாங்களாம், தேதி போயிருந்தா எறி. மரத்தையும் பார். உங்க ஆஷ் மரமெல்லாம் ஏதோ பச்சை வண்டு வந்து செத்துக்கொண்டு வருது எண்டு நீதானே முந்தி எழுதினனீ, 2002 இல கண்டுபிடிச்ச வண்டு எண்டு. படத்தில இருக்கிறது ஆஷ்தானே? செத்த ஆஷ் மேலால நல்லாத்தான் நிக்குமாம், ஆனா கெதியா உக்கி முறியிற மரமெண்டு வாசிச்சன். அப்பு பட்ட மரத்தில ஒரு நாளும் பரண் கட்டமாட்டார், கோடாலிப் பிடங்கால தட்டிச் சத்தம் கேட்டுத்தான் மரம் எடுப்பார். உயிர் மரமாப் பார், நேரான மரமாப் பார், கை சுத்திப் பிடிக்கிற பருமனிலும் கூட இருக்கட்டும்.

இஞ்ச மான் கதை முடிஞ்சுது. 1937 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பவும் இருந்தது, இப்ப உள்ளுக்க போடுவாங்கள், அது சரிதான், வழியில பொறியாக் கட்டுத்துவக்கு வைச்சுக் கொல்லுறவங்கள் மனிசரையும் சேத்துத்தானே நொண்டியாக்கிறாங்கள். எனக்குச் சுடுற ஆசை போய் கன காலம். பாலைப்பழம் விழுற நேரம் மரத்துக்குக் கீழ வாற புள்ளிமானுகளைப் பாத்துக்கொண்டு இருக்கத்தான் இப்ப ஆசை. உங்க அனுமதி எடுத்து, கணக்குப் பாத்துச் சுடுறியள், அதில எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல இறைச்சி, உன்ர பிள்ளையளும் காட்டைப் பாக்குதுகள்.

எங்கட பரணும் இந்த முறை திரும்பக் கட்டவேணும், யானை ரெண்டு இரவில வந்து போகுது. பாலை வேண்டாம், வரம்போரப் புளியில 8 அடியில, ஏணியும் முதிரைச் சட்டத்தில அடிச்சு. கயிறு புதுசு, மூத்தவன் தன்ர பழைய ரவர் வாரையும் கொண்டுவாறான், அது எனக்கு.

கார்த்திகையில கிடாய் மான் ஓடுற கிழமை லீவு எடுத்திருக்கிறன் எண்டு சொன்னாய். அதுக்கு முன்னம் வார் வாங்கு. முடிச்சுப் போடுற வீடியோவை மூத்தவன் ஞாயிறு அனுப்புவான், நிலத்தில நிண்டு பத்துத் தரம் போட்டுப் பழகு. பிறகு அதைப் போட்டுக்கொண்டு மரத்தில நிக்கிற படம் ஒண்டு அனுப்பு மச்சான், அண்ணை கேக்கிறார்.

அன்புடன்,
உன்ர மச்சான்