காபி ஆறுவதற்குள் "எத்தனை மாசம்?" என்று கேட்பவர்களுக்கு

தொழில்நுட்ப இணை நிறுவனரைத் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பதினாறு வருடமாக நிரல் எழுதிப் பிழைக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது என்னைக் காபிக்குக் கூப்பிடுகிறீர்கள். தொழில் யோசனையைச் சொல்கிறீர்கள், நிரல் எழுதித் தந்தால் நிறுவனத்தில் பங்கு தருவதாகச் சொல்கிறீர்கள். டம்ளர் காலியாவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "இத முடிக்க எத்தனை மாசம் ஆகுங்க?"

2022-இல் கோவையில் ஒருவர் இட்லி மாவை வீட்டு வாசலில் கொடுக்கும் செயலிக்காக அழைத்தார். "ஸ்விக்கி மாதிரிதாங்க, மாவுக்கு மட்டும்" என்றார். ஓட்டல் பில்லைத் திருப்பி நாலு கட்டம் போட்டார்: லாகின், ஆர்டர், பணம், டெலிவரி. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மூன்று மாதம் என்றேன். பதினொரு மாதம் ஆனது. அதில் நிரல் எழுதிய நேரம் ஐந்து மாதம்கூட இராது.

முதல் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லாகின் என்றால் ஓடிபி. ஓடிபி குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வணிகக் குறுஞ்செய்திகளுக்கான பதிவுத் தளமான டிஎல்டியில் நிறுவனத்தைப் பதிய வேண்டும், அனுப்புநர் பெயரைப் பதிய வேண்டும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். நிறுவனத்தைப் பதியப் பான் வேண்டும், சான்றிதழ் வேண்டும். அவரிடம் அப்போது நிறுவனமே கிடையாது. என்ன பெயர் வைப்பது என்று மச்சானோடு இழுபறி. ஆறு வாரம் போனது. எல்லாம் கைக்கு வந்த பிறகும் ஓடிபி வரவில்லை. தோண்டிப் பார்த்தால், பதிந்த வாசகத்தில் இல்லாத ஒரு 'ப்ளீஸ்' என் நிரலில் இருந்தது. அந்த ஒரு ப்ளீஸுக்கு ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

மூன்றாம் கட்டமான பணத்துக்கும் இதே கதைதான். செயலியில் கட்டும் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்காரர்கள் கேஒய்சி ஆவணம் கேட்டார்கள், பணம் திருப்பித் தரும் விதிகளை இணையதளத்தில் போடச் சொன்னார்கள். "புளிச்ச மாவைத் திருப்பிக் கொடுத்தா காசு தருவீங்களா?" என்று நான் கேட்டபோதுதான் அவர் அதைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்தார். இன்றைக்கென்றால் இன்னொன்றும் சேரும்: கூகுள் பிளேயில் தனிநபர் கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகே செயலியை வெளியிட அனுமதி கேட்க முடியும்.

பாரி போம் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-லேயே சொல்லியிருக்கிறார்: என்ன செய்யப்போகிறோம் என்று தெளியாத கட்டத்தில் போடும் மதிப்பீடு நாலு மடங்காகவும் ஆகலாம், கால்வாசியாகவும் குறையலாம். நான் சொன்ன மூன்று மாதம் என்பது அந்தக் கணக்கில் மூன்று வாரம் முதல் ஒரு வருடம் வரை. ஆக, பதினொரு மாதம் வரம்புக்குள்தான் இருக்கிறது! மூன்று வாரத்தில் முடிந்த ஒன்றைத்தான் நான் இதுவரை பார்த்ததில்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. பங்கை நாலு வருட வெஸ்டிங்கில், அதாவது நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும்படி, முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது என்ற நிபந்தனையோடு தருகிறீர்கள். அது நியாயம்தான். ஆனால் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் முதல் மூன்று மாத வேலையை வைத்து முடிவு செய்கிறீர்கள். மூன்று மாதத்தில் வேலை முடிந்துவிடும் என்று நம்பினால் உங்களுக்கு வேண்டியவர் ஒப்பந்தக்காரர். அவருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடலாம். நாலு வருடம் கூட இருக்கப்போகிறவர் என்றால் அந்த மூன்று மாதக் கணக்கை வைத்து அவர் பங்கை அளக்காதீர்கள். தேதி தள்ளிப்போன பிறகு "நீங்கதான சொன்னீங்க" என்று அதைத் தூக்கிக் காட்டவும் வேண்டாம். மாவுக்காரருக்கும் எனக்கும் ஏழாவது மாதமே பேச்சு குறைந்துபோனது. இப்போது அந்தச் செயலியும் இல்லை.

மதிப்பீடே கேட்கக் கூடாதென்று சொல்லவில்லை. சேர்ந்து போடுவோம் என்கிறேன். நாலு கட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் இருவரும் வேலை செய்வோம். அந்த இரண்டு வாரத்துக்குச் சம்பளம் கொடுங்கள், குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. முடிவில் என் வேகம் உங்களுக்குத் தெரியும். எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதற்கு அடம்பிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு மாதக் கணக்கைக் கேளுங்கள், வாய் நிறையச் சொல்கிறேன்.

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தையல் யூனிட்டுகளுக்கான செயலியாம். "ஆர்டரை இப்ப எதுல எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். நோட்டில் என்றார். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறார்.

அன்புடன்,
உங்களில் பலரோடு காபி குடித்த ஒரு நிரலாளன்