ரத்தத்தைக் கண்டு விழுபவர் கோழை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் மனமும் ரத்த அழுத்தமும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கோபத்தைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் கோபம், பயம், அருவருப்பு மூன்றுமே அழுத்தத்தை எகிற வைக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. முப்பத்தொரு வருடம் லேப் டெக்னீசியனாக இருந்து ரத்தம் எடுத்தவன் நான்.

முறுக்கு மீசையோடு ஒரு காவலர் ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். உட்கார்ந்ததும் பார்த்தபோது அழுத்தம் 150/90. நாடியும் படபடவென்று ஓடியது. அதுவரை உங்கள் கட்டுரை சொன்னபடிதான். கையில் ரப்பர் நாடாவைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண் பக்கத்து மேஜைக்குப் போனது. அங்கே ஒரு குழாயின் மூடி கசிந்து, ரத்தம் வழிந்து உறைந்திருந்தது. முகத்தைச் சுளித்தார். ஒரு கொட்டாவி விட்டார். மேலுதட்டில் வியர்வை அரும்பியது. "குமட்டுகிறது" என்றவர், நான் பிடிப்பதற்குள் ஸ்டூலோடு சரிந்துவிட்டார். தரையில் கிடத்திப் பார்த்தபோது அழுத்தம் 80/50, நாடி 44. ஊசி இன்னும் அவர் தோலைத் தொடவே இல்லை!

முதலில் ஏறி, பிறகு மளமளவென்று இறங்குவது இந்த மயக்கத்தின் லட்சணம். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதன் வேகத்துக்குக் கடிவாளம் போடுகிறது. அதே சமயம் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் கால் பக்கம் தேங்கிவிடுகிறது. மூளைக்குப் போவது குறைய, கண் இருட்டுகிறது. பாம்பைக் கண்டு பயந்தவருக்குப் பெரும்பாலும் இப்படி நேர்வதில்லை. அவர் ஓட்டம் பிடிப்பார். ரத்தத்தையும் காயத்தையும் கண்டால் வரும் பயத்தில் அருவருப்பும் கலந்திருக்கிறது. இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு.

உணர்ச்சிகள் இதயத்தை ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பது புதிய செய்தியும் அல்ல. அமெரிக்காவில் உளவியலாளர்கள் பால் எக்மனும் ராபர்ட் லெவன்சனும் வாலஸ் ஃபிரீசனும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் கோபம், பயம், சோகம் மூன்றிலும் இதயத் துடிப்பு நன்றாக ஏறியது. அருவருப்பில் அந்த அளவு ஏற்றம் இல்லை. அதற்காக, அருவருப்பு வந்தாலே எல்லோருக்கும் அழுத்தம் இறங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அழுகிய மீனை முகர்ந்து பொதுவாக யாரும் மயங்கி விழுவதில்லை, வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான்.

கட்டுரையின் கடைசியில் எல்லா உணர்ச்சிக்கும் ஒரே மருந்தாக, மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்தச் சொல்லியிருந்தீர்கள். இறங்கும் அழுத்தத்தை இன்னும் இறக்கவா? ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் ஜோரன் ஓஸ்ட் 1980களில் இப்படிப்பட்டவர்களுக்கு நேர்மாறான பயிற்சியைத்தான் கொடுத்தார். ஊசி போடாத கை, வயிறு, தொடை எல்லாவற்றையும் இறுக்கி, முகம் சூடாகும்வரை பத்துப் பதினைந்து விநாடி பிடிக்க வேண்டும். பிறகு முழுக்கத் தளராமல் சற்றே விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. அழுத்தம் கீழே போகாமல் தாங்கும். (காரணமே இல்லாமல் மயங்குகிறவர்களும் இதய நோயாளிகளும் இதை நம்பி இருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.)

அன்று வரிசையில் நின்றவர்கள், "இவர்தான் திருடனைப் பிடிக்கப் போகிறாரா?" என்று சிரித்தார்கள். எழுந்த மனிதர் யார் முகத்தையும் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறு வருடம்தான் திரும்பி வந்தார். கட்டிலில் படுக்க வைத்து, பக்கத்து மேஜையைத் துணியால் மூடி, தொடையை இறுக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன். இரண்டே நிமிடம். "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அடுத்த இதழில் திருத்தம் ஒன்று போட முடிந்தால் நல்லது. கட்டம் கட்டிப் போட வேண்டாம், நாலு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன் ஒருவர்,
கும்பகோணம்.