விளிம்பில் இருக்கும் எண்கள்

கும்பகோணம்,
மார்கழி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் ஐப்பசி மழையோடு போய்விடும் என்று பார்த்தால் மார்கழிப் பனியிலும் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ வருத்தப்பட்டுச் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் சொல்லவில்லை. தவிரவும், பதிலோடு சேர்த்து ஒரு பொருளையும் உனக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது; அது கைப்பேசி வழியாக வரக்கூடியது அல்ல.

போன முறை வந்தபோது பீரோவின் மேல்தட்டிலிருந்த என் பென்டாக்ஸ் கே 1000 கேமராவை நீயாகவே கேட்டு எடுத்துப் போனது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி அளித்தது என்பதை அன்று நான் காட்டிக்கொள்ளவில்லை. டொராண்டோவின் முதல் பனியையும் ஏரிக்கரையையும் உன் தோழியின் குழந்தையையும் 36 படங்களாக எடுத்துக் கழுவக் கொடுத்தாய். திரும்பி வந்த சுருளில் ஒன்றுமே இல்லை என்றும், கடைக்காரர்தான் கெடுத்துவிட்டார் என்றும் சொன்னாய். அவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்பு ஒரு காரியம் செய். அந்தச் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் எதையும் தேடாமல், பல்சக்கரத் துளைகளை ஒட்டிய ஓரத்தை மட்டும் பார்.

ஃபிலிம் தயாரிக்கும் ஆலையிலேயே, அந்த ஓரத்தில் நிறுவனத்தின் பெயரையும் 1, 1ஏ, 2, 2ஏ என்று வரிசை எண்களையும் ஒளியால் பதித்துவிடுகிறார்கள். நாம் எடுக்கும் படங்களைப் போலவே அவையும் கண்ணுக்குத் தெரியாமல் உறங்கிக் கிடந்து, டெவலப்பர் என்ற கழுவும் மருந்தில் நனையும்போதுதான் எழுந்து வரும். ஆகவே, எண்களும் இல்லாமல் சுருள் முழுவதும் வெறிச்சென்று இருந்தால் கழுவியவரிடம் தவறு. எண்கள் தெளிவாக இருந்து நடுப்பகுதி மட்டும் வெறுமையாக இருந்தால், அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்; ஃபிலிமின் மீது வெளிச்சமே விழவில்லை என்று பொருள்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உன் காதுகுத்துக்குப் பிறகு, கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோ வாசலில் நின்று தெரிந்துகொண்டேன்.

உன் காதுகுத்துப் படங்கள் ஏன் ஒன்றுகூட இல்லை என்று நீ சிறுபிள்ளையாக இருந்தபோது பலமுறை கேட்டிருக்கிறாய். "ஸ்டுடியோக்காரன் ஃபிலிமைக் கெடுத்துவிட்டான்" என்று நான் சொன்னேன்; அம்மாவும் இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மை அதுவல்ல. குலதெய்வக் கோயிலில் அன்று காலை மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாமா மடியில் உன்னை உட்கார வைத்தார்கள். பத்தர் ஊசியை எடுத்தபோது நீ போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்ததையும், அப்பாயி உன்னைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு தூணோரமாக நடந்ததையும் நான் வ்யூஃபைண்டர் வழியாகத்தான் பார்த்தேன். கேமராவின் எண்காட்டி 36ஐக் கடந்து 38க்குப் போனபோது, ஃபிலிமில் இரண்டு படம் லாபம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேனே தவிர, ஏன் ஃபிலிம் முடியவில்லை என்று யோசிக்கவில்லை. ஃபிலிமைத் திரும்பச் சுற்றும்போது கை பாரமே தெரியாமல் இரண்டு சுற்றில் வேலை முடிந்துவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்று நாள் கழித்துப் போனபோது, ஸ்டுடியோக்காரர் ஒன்றும் பேசாமல் தேன் நிறத்தில் மின்னிய நீளமான சுருளை எடுத்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் 1 முதல் 36 வரை எண்கள் அச்சுப் போட்டாற்போல இருந்தன. "சார், ஃபிலிம் உள்ளே ஓடவே இல்லை" என்றார். கழுவிய கூலியைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நான் வீட்டுக்கு வந்து அவர் மேல் பழியைப் போட்டேன். அறிவியல் வாத்தியாருக்கு ஃபிலிம் மாட்டத் தெரியவில்லை என்று உன் மாமாக்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம் அப்போது பெரிதாக இருந்தது. அடுத்த ஆண்டு அப்பாயி போய்விட்டாள். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றுகூட அவளுக்கு இல்லை. அதன் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

உன் சுருளிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். இனி ஃபிலிம் மாட்டும்போது, அதன் நாக்கை வலப்பக்கத்து உருளையின் பிளவில் செருகியவுடன் மூடியைச் சாத்திவிடாதே. மூடி திறந்திருக்கும்போதே ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை ஒருமுறை தள்ளி, பற்கள் மேலும் கீழும் இரண்டு வரிசைத் துளைகளிலும் ஏறியிருக்கின்றனவா என்று பார். பிறகு மூடிவிட்டு, இடப்பக்கத்துச் சுற்றுக்குமிழின் சிறு கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் தளர்ச்சி போகும்வரை மெதுவாகச் சுற்றிக்கொள். அடுத்த முறை நெம்புகோலைத் தள்ளும்போது அந்தக் குமிழ் தானாக எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. எண்காட்டியை நம்பாதே, உள்ளே ஃபிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். அந்த காதுகுத்துக்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் குமிழை ஒரு கண்ணால் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதைக் கேலி செய்துதான் நீ சின்ன வயதில் "அப்பா, சக்கரம் சுத்துதா?" என்று கேட்பாய்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தத் தொல்லை எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். ஃபிலிமில் ஆன்மா இருக்கிறது என்றெல்லாம் இப்போது சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரவு வெளிச்சத்தில் உன் கைப்பேசி எடுக்கும் படத்தை இந்தக் கேமராவால் கனவிலும் எடுக்க முடியாது. என் ஆசை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கே 1000 கேமரா 1976 முதல் 1997 வரை அநேகமாக மாற்றமே இல்லாமல் வெளிவந்தது. பேட்டரி தீர்ந்துபோனாலும் ஷட்டர் வேலை செய்யும். ஒளியளவைக் காட்டும் முள் ஒன்றுக்குத்தான் பேட்டரி. (அந்த முள்ளுக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்குவதுதான் அதை அணைக்கும் வழி. நீ மூடியைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னாய். முதலில் அதை வாங்கு.) மற்ற எல்லாவற்றையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே படம் நம் தலைக்குள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அந்தக் கட்டாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சுருதி சேர்ப்பதே ஒரு சுகம் என்பார்களே, அதுபோல.

அந்த முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பனியில் அது உன்னை ஏமாற்றும். உலகில் உள்ள எல்லாமே சராசரியான சாம்பல் நிறம் என்று அந்த முள் நினைத்துக்கொண்டிருக்கிறது. கும்பேஸ்வரர் கோயில் யானையை நான் முதன்முதலில் எடுத்தபோது, படச்சட்டம் முழுவதும் யானையே நிறைந்திருந்தது. முள்ளை நடுவில் நிறுத்தி எடுத்தேன். பிரிண்டில் யானை விபூதி பூசிக் குளிக்க வைத்தாற்போல வெளுத்துக் கிடந்தது. கறுப்பைக் கண்ட முள், வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி அதிகமாகக் கேட்டுவிட்டது. பனியில் நேர்மாறாக நடக்கும். அத்தனை வெள்ளையையும் பார்த்து வெளிச்சம் மிகுதி என்று முள் சொல்லும். நீயும் நம்பினால் உன் வெண்பனி சிமெண்ட் தரையாக வந்து நிற்கும். ஆகவே பனியில் முள் சொல்வதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகத் திற. (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு.) அதாவது அப்பர்ச்சர் என்ற லென்ஸ் துளை 11இல் இருக்கும்போது முள் நடுவில் நின்றால் நீ 8க்குப் போ (எண் குறையக் குறையத் துளை பெரிது), அல்லது அதற்கும் சற்று அப்பால். சந்தேகம் வந்தால் உன் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் காட்டி அளந்து, அதற்கு ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளலாம்.

முள்ளே இல்லாமல் எடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல வெயிலில் அப்பர்ச்சரை 16இல் வைத்துவிட்டு, ஃபிலிமின் வேக எண்ணுக்கு அருகிலுள்ள ஷட்டர் வேகத்தை வைத்தால் போதும்: 100 ஃபிலிமுக்கு 1/125, 400 ஃபிலிமுக்கு 1/500. தாராசுரத்துக் கல்தேரின் சக்கரத்தைக் காலை எட்டு மணிக்குச் சாய்வெயிலில் எடுத்த படம் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அன்று பேட்டரி செத்துப்போயிருந்தது; இந்தக் கணக்கை நம்பி, வெயில் சாய்ந்திருந்ததால் ஒரு ஸ்டாப் மட்டும் கூட்டி எடுத்தேன்.

குளிர் நாட்டில் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வறண்ட குளிரில் நெம்புகோலை வேகமாகத் தள்ளினால் ஃபிலிமில் நிலைமின்சாரம் பொறி தட்டி, படத்தில் மின்னல் கொடி போன்ற கோடுகள் விழும்; ஆகவே மெல்லத் தள்ளு. வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கேமராவை வெளியே எடுக்காதே. பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும். இல்லாவிட்டால், பிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு போல லென்ஸ் வியர்த்துவிடும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கே 1000இல் அல்ல. சிங்கப்பூர்ப் பெரியப்பா அதைக் கொண்டுவந்து கொடுப்பதற்கு வெகு காலம் முன்பே, கல்லூரியில் படித்தபோது, நண்பனிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. 120 என்ற அகல ரோலில் சதுரம் சதுரமாகப் 12 படங்கள். வெயில், மேகம் என்று குறி போட்ட ஒரு சின்ன விசை. முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த ஒரு ஜன்னல், அதில் எண் வந்து நிற்கும்வரை திருக வேண்டும். அதில் நாங்கள் போட்டது பெரும்பாலும் இந்து ஃபிலிம். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் தயாரிப்பு அது. தூசு குறைந்த குளிர்ந்த மலைக்காற்று ஃபிலிம் பூச்சுக்கு ஏற்றது என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துக்கொண்டு போனபோது அந்த ஆலை இருந்த இந்து நகர் வழியாகப் பேருந்து போயிற்று. மற்ற ஆசிரியர்கள் தொட்டபெட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்தச் சுற்றுச்சுவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்று ஆலை இயங்கவில்லை.

ஃபிலிம் அன்றும் மலிவானது அல்ல. நம் வீட்டில் ஒரு ரோல் தீர ஐந்து மாதமாகும். ஒரே சுருளில் தீபாவளிப் புதுச்சட்டையும் பொங்கல் பானையும் வரும். அம்மாவின் பழைய ஆல்பத்தைப் பார்த்தால், நடுவில் உன் பல் விழுந்திருப்பதைக் கொண்டுதான் எது எந்தப் பண்டிகை என்று சொல்ல முடியும்.

கேமராவைப் பராமரிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்மூடியின் பள்ளத்தில் ஒளி புகாதிருக்க ஒட்டியிருந்த பஞ்சு, வயதாகித் தார் போல உருகிவிட்டிருந்தது. அதைப் பல் குச்சியாலும் சாராயத்தாலும் (கடையில் விற்கும் ஐசோபுரோபைல்தான், பயப்படாதே) சுரண்டி எடுத்துவிட்டு, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்புக் கம்பளி நூலைத் திருடி ஒட்டியிருக்கிறேன். படத்தின் ஓரத்தில் செந்நிறத் தீற்றல் வந்தால் நூல் பிய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தோல் உறையில் வைத்துப் பூட்டாதே. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு லென்ஸில் பூஞ்சையை வளர்க்கும். என்னுடைய இன்னொரு லென்ஸ் அப்படித்தான் சிலந்தி வலை பின்னிக்கொண்டு போயிற்று. உங்கள் ஊரில் அந்தக் கவலை குறைவு. ஆனால் சித்திரையில் இங்கு வரும்போது, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கொண்டு வா.

வரும்போது ஃபிலிமைப் பெட்டிக்குள் போட்டு ஏற்றிவிடாதே. கீழே போகும் பெட்டிகளுக்கான எக்ஸ்ரே கடுமையானது. கைப்பையில் வைத்துக்கொள். சில விமான நிலையங்களில் கைப்பைகளுக்கும் புதிய சிடி ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஃபிலிமுக்கு ஆகாது. கையால் சோதிக்கும்படி தன்மையாகக் கேட்டுப் பார்.

இத்துடன் வைத்திருக்கும் உறையைக் கவனமாகப் பிரி. காதுகுத்துச் சுருளை நான் எறியவில்லை. ஆறு ஆறாக வெட்டி, இத்தனை வருடமும் என் சான்றிதழ்க் கோப்பில் வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு துண்டை அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் 13 முதல் 18 வரை எண்கள் இருக்கும். என் நினைவு சரியாக இருந்தால் 13இல் பத்தர் ஊசியோடு குனிந்திருக்கிறார், 14 புறாக்கள், 15ம் 16ம் நீயும் அப்பாயியும் தூணோரம், 17இல் மாமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அவர் இன்றுவரை மறுப்பார், 18 என்னவென்று மறந்துவிட்டேன். உன் சுருளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உன்னுடையதில் எண்கள் இருக்கின்றனவா என்று எனக்கு எழுது.

அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும், அதற்குள் சொல்லிவிடுவேன். நீ முந்திக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா